ஏரி எங்கே போனது? பழைய வரைபடத்தைக் கைப்பேசியில் படிப்போம்

(உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மனை வாங்கப் போகிறோம் என்றால் என்னவெல்லாம் பார்க்கிறோம்? பட்டா யார் பேரில் இருக்கு, வில்லங்கம் ஏதாவது இருக்கா, தாய்ப்பத்திரம் சரியா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணி வரும். எல்லாம் கேட்கிறோம். ஒன்றை மட்டும் கேட்பதில்லை: நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த இடம் என்னவாக இருந்தது?

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது பல பேர் கேட்டது, “எங்க ஏரியாவுல எப்படிங்க இவ்வளவு தண்ணி?” என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் படிச்சுப் பாருங்க. “எங்க... ஏரியா?” ஆமாங்க, பல இடங்களில் அது ஏரியேதான்.

அதைக் கண்டுபிடிக்க இன்று நீங்கள் ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய வரைபடம், ஒரு கைப்பேசி அல்லது கணினி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். அந்த வரைபடத்தை எங்கே தேடுவது, இன்றைய வரைபடத்தின் மேல் எப்படிப் பொருத்துவது, அது சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது, அதன் பிறகு எந்த அரசுப் பதிவேட்டைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நம்ம ஊரும் நில அளவையும்

நில அளவை நமக்குப் புதிது இல்லை. 1794-ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் நில அளவை அந்தக் கோட்டில்தான் ஆரம்பித்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள கோணமானி கயிறு அறுந்து மோதிச் சேதமான கதையும் இந்த அளவையின் கதைதான்.

அதற்கும் முன்பே, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு ஜாகீர் பகுதியை ஊர் ஊராக அளந்தார். அந்தக் காலத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஏரி எங்கே இருந்தது என்று தேடுகிறவர்களுக்கு அது ஒரு பெரிய புதையல்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவர்கள் நமக்காக அளக்கவில்லை. வரி வசூலிக்கவும் படை நடத்தவும் அளந்தார்கள். ஆனால் ஏரி இருந்தால்தான் நஞ்சை, நஞ்சை இருந்தால்தான் வரி. அதனால் ஏரியையும் கால்வாயையும் அக்கறையாக வரைந்தார்கள். அவர்களுடைய கணக்கு இன்று நமக்கு உதவுகிறது.

வரைபடம் எங்கே கிடைக்கும்?

முதலில் நம்ம வீட்டுப் பக்கத்திலேயே தொடங்கலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசு ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழிணையம் மின்னூலகத்தில் பழைய நூல்களைக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மாவட்ட மானுவல்கள், கெசட்டியர்கள் எல்லாம் மின்வடிவில் வந்துவிட்டன. உங்கள் மாவட்டத்தின் பாசனம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் படித்தாலே எந்த ஏரிக்கு எந்த ஆற்றிலிருந்து தண்ணீர் வந்தது என்பது புரியும்.

வெளிநாட்டு நூலகங்களையும் பாருங்க. ஸ்காட்லாந்து தேசிய நூலகமும், அமெரிக்காவில் உள்ள டேவிட் ரம்சே வரைபடச் சேகரிப்பும் தங்களிடம் உள்ள பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. ரம்சே சேகரிப்பில் வரைபடத்துக்குள் அச்சான ஊர்ப் பெயர்களைக் கணினியே படித்து வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் எந்த வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று காட்டும். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில், 1950-களில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட இந்திய வரைபடத் தொகுதி கிடைக்கும்.

தேடும்போது ஒரு விஷயம். ‘செங்கல்பட்டு’ என்று இன்றைய எழுத்தில் தேடினால் கிடைக்காது. அவர்களுக்கு அது ‘சிங்கிள்பட்’. திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாபாலி’, தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’. சின்ன ஊர் என்றால் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடிப் பாருங்க.

வரைபடம் மட்டுமல்ல, வானத்திலிருந்து எடுத்த படங்களும் உண்டு. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா ‘கொரோனா’ என்ற உளவுச் செயற்கைக்கோள்களால் உலகைப் படமெடுத்தது. அந்தப் படங்களின் ரகசியத் தடை 1995-ல் நீங்கியது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் தளத்தில் அவற்றைத் தேடலாம். 1972 முதல் லேண்ட்சாட் படங்கள் இருக்கின்றன. கூகுள் எர்த் மென்பொருளில் உள்ள கடிகாரக் குறியைத் தட்டினால், உங்கள் தெருவின் பழைய செயற்கைக்கோள் படங்கள் வருடவாரியாக வரும். இஸ்ரோவின் ‘புவன்’ தளத்திலும் நம் நாட்டுப் படங்களைப் பார்க்கலாம்.

கோட்டை நம்பாதீங்க, கோபுரத்தை நம்புங்க

இப்போது வரைபடம் கையில் கிடைத்துவிட்டது. அதை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. கூகுள் எர்த் ப்ரோவிலும் படத்தை மேலே விரித்து, அதன் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.

வேலை எளிதுதான். பழைய வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட வேண்டும். அதே இடத்தை இன்றைய வரைபடத்திலும் தொட வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் இணைக்கும் புள்ளிகளுக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்று பெயர். எட்டுப் பத்துப் புள்ளிகள் கொடுத்தால், மென்பொருள் படத்தை இழுத்து, திருப்பி, சரியாக உட்கார வைக்கும்.

எந்த இடத்தைத் தொடுவது என்பதில்தான் சூட்சுமம். பழைய வரைபடத்தின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் தீர்க்கரேகை எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் பல வரைபடங்கள், சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகைக்கு அன்று வைத்திருந்த மதிப்பை அடிப்படையாகக் கொண்டவை. அந்த மதிப்பு பிற்பாடு திருத்தப்பட்டது. வித்தியாசம் சுமார் இரண்டரை நிமிடம். கடிகார நிமிடம் இல்லீங்க, கோண நிமிடம். நம்ம ஊர்ப் பக்கம் தரையில் அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல். அந்த எண்களை நம்பிப் பொருத்தினால், மயிலாப்பூர் கோயிலைக் கடலுக்குள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவீர்கள்.

அதனால் நகராத பொருள்களைத் தொடுங்கள். கோயில் கோபுரம், தெப்பக்குளத்தின் மூலை, பழைய தேவாலயம், மசூதி, பாறைக்குன்று, ரயில் நிலையம். சென்னை வரைபடம் என்றால் கபாலீசுவரர் கோயில், பார்த்தசாரதி கோயில், பரங்கிமலை உச்சித் தேவாலயம், கோட்டை ஆகியவை நல்ல புள்ளிகள். சாலை வளைவு வேண்டாம், அது நேராக்கப்பட்டிருக்கும். ஆற்று முகத்துவாரம் வேண்டவே வேண்டாம், அது வருஷா வருஷம் நகரும். புள்ளிகள் ஒரே மூலையில் குவியாமல் நாலு பக்கமும் பரவியிருக்க வேண்டும். எல்லாம் கொடுத்த பிறகு, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று மென்பொருள் எண்ணாகக் காட்டும். அந்த எண்ணைக் குறித்து வையுங்க. உங்கள் வரைபடத்தின் நம்பகத்தன்மை அதுதான்.

தியாகராய நகரின் அடியில்

இப்போது ஓர் உதாரணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சென்னை வரைபடம் ஒன்றை எடுத்து, நான் சொன்ன மாதிரி பொருத்துங்கள். அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி, பிறை நிலா போல ஒரு பெரிய நீர்ப்பரப்பு வளைந்து கிடக்கும். ஆங்கிலத்தில் ‘லாங் டேங்க்’ என்று எழுதியிருப்பார்கள். நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்த அந்த நீள ஏரி, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளம்.

மெதுவாகப் படத்தின் அடர்த்தியைக் குறையுங்கள். ஏரிக்கு அடியிலிருந்து பனகல் பூங்கா எழும்பி வரும். பாண்டி பஜார் வரும். உஸ்மான் சாலை வரும். 1920-களில் நகரம் மேற்கே வளர இடம் தேவைப்பட்டபோது, ஏரியின் தண்ணீரை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதுதான் தியாகராய நகர். இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் நுங்கம்பாக்கம் ஏரிப் படுகைதான்.

ஏரி போனாலும் பெயர் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது, அதாவது ஏரிக்கரைச் சாலை. ‘லேக் ஏரியா’ இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஏரி தெரியாது, அடுத்த வீட்டு மாடிதான் தெரியும். வரைபடம் தேடும் முன்பே உங்கள் ஊர்த் தெருப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏரிக்கரைத் தெரு, மதகடித் தெரு, தாங்கல் எல்லாமே தடயங்கள்தான்.

இந்த முறையில் ஏரிகளை மட்டும்தான் பார்க்கலாம் என்றில்லை. பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகு ஓடிய கால்வாயாகப் பிறந்தது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. 1878-ல் அன்றைய ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் மேலே மேலே வைத்தால், அந்தக் கால்வாய் எங்கே ஒடுங்கியிருக்கிறது, பறக்கும் ரயிலின் தூண்கள் எங்கே அதற்குள் நிற்கின்றன என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வரைபடம் சொல்லாத விஷயங்கள்

இதழியல் படித்தபோது முதல் பாடமே, ஒரே ஓர் ஆதாரத்தை வைத்துச் செய்தி எழுதாதே என்பதுதான். வரைபடத்துக்கும் அதே விதி.

முதலில் அளவு. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற வரைபடம் 1:63,360 அளவில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஏரிக்கரை என்று வரைந்திருக்கும் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் கூட, அந்தக் கோட்டின் அகலமே 30 மீட்டருக்கு மேல். நாற்பதுக்கு அறுபது மனை ஒன்றின் அகலம் 12 மீட்டர்தான். உங்கள் மனை முழுசாக அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகவே, “இந்தப் பக்கம் ஒரு ஏரி இருந்தது” என்று அந்த வரைபடம் சொல்லும். “உங்கள் வீடு ஏரிக்குள் இருக்கிறதா, கரைக்கு வெளியே இருக்கிறதா” என்று அதனால் சொல்ல முடியாது.

இரண்டாவது, பருவம். நம்ம ஏரிகள் மழைக்கு நிரம்பி, கோடையில் வற்றுபவை. அளந்தவர் சித்திரையில் வந்தாரா, கார்த்திகையில் வந்தாரா என்பதைப் பொறுத்து நீர்ப்பரப்பு சுருங்கும், விரியும். செயற்கைக்கோள் படத்துக்கும் இதே கதைதான். ஒரு கோடைப் படத்தையும் ஒரு மழைக்காலப் படத்தையும் ஒப்பிட்டு “ஏரி பெரிதாகிவிட்டது” என்று சொல்லிவிடக் கூடாது.

மூன்றாவது, விடுபட்டவை. சின்னக் குட்டை, ஊருணி, வரத்துக்கால் எல்லாம் சிறிய அளவு வரைபடத்தில் இருக்காது. ஏரியை மட்டும் பார்த்துவிட்டு வரத்துக்காலை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். ஏரி அப்படியே இருந்தும் வரத்துக்கால் அடைபட்டதால் வறண்ட ஊர்கள் உண்டு. கலங்கலுக்குக் கீழே போக்குக்கால் அடைபட்டதால் வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களும் உண்டு.

வருவாய்ப் பதிவேடு என்ன சொல்கிறது?

பழைய வரைபடம் உங்களுக்குக் கேள்வியைக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வருவாய்த் துறைப் பதிவேடுகளுக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாடு அரசின் நிலம் தொடர்பான இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நகர்ப்புறம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் விவரம் கிடைக்கும்.

‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்று எதாவது எழுதியிருக்கிறதா? உங்கள் புல எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சுற்றியுள்ள நாலு எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ‘வாய்க்கால்’ என்று இருந்தால், மழைக்காலத்தில் அது உங்களுக்கும் சேதிதான்.

புலப்படம் பெரிய அளவில் வரையப்பட்டது, பெரும்பாலும் 1:1000 அல்லது 1:2000. அங்குல வரைபடத்தில் ஒளிந்திருந்த மனை இங்கே தெளிவாகத் தெரியும். பழைய புலப்படத்தில் உள்ள எண்கள் மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கலாம். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. இதை மறந்து மீட்டர் என்று எண்ணினால் வாய்க்கால் ஆறாகிவிடும்!

இன்னொன்று. 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்வதில், பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. பழைய பத்திரத்தில் உள்ள எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் பதற வேண்டாம். எது எதுவாக மாறியது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பழைய பதிவேட்டின் நகல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். ‘எங்கள் ஊர் ஏரி பற்றிய எல்லாத் தகவலும் தருக’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காமல், கிராமம், புல எண், எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் சீக்கிரம் வரும், பயன்படும்படியும் வரும்.

கடைசி ஆதாரம் மனிதர்கள். உங்கள் ஊரில் நீர்க்கட்டியாக இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால், வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எந்த மதகு எப்போது திறப்பார்கள், மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று அவருக்குத் தெரியும். “பெரியவரே, இது என்னங்கய்யா?” என்று வரைபடத்தின் ஒரு வளைவைக் காட்டிக் கேட்டுப் பாருங்க. எந்த மென்பொருளிலும் இல்லாத ஒரு பெயரை அவர் சொல்வார். அவர் அனுமதியோடு அதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

தெரிந்துகொண்டு என்ன செய்வது?

ஒருவேளை உங்கள் மனதில் ஒரு பயம் வந்திருக்கும். “அப்போ நாங்க குடியிருக்கிற இடமும் ஏரின்னு வந்துட்டா?” நியாயமான பயம்தான். தியாகராய நகரை உருவாக்கியது அன்றைய அரசாங்கமே எடுத்த முடிவு. மூன்று தலைமுறையாக மக்கள் அங்கே வாழ்கிறார்கள். பழைய வரைபடத்தை யார் வீட்டு வாசலிலும் குற்றப்பத்திரிகையாக நீட்டக் கூடாது. ஒரு நிலம் ஆக்கிரமிப்பா இல்லையா என்பதை முடிவு செய்யச் சட்டம் இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அளந்து, அறிவிப்புக் கொடுத்து, விசாரித்துத்தான் அந்த முடிவு வர வேண்டும். நீங்களோ நானோ கணினியில் பொருத்திய படம் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஆனால் அது வேறு பல வேலைகளைச் செய்யும். மனை வாங்கப் போகிறவருக்கு, முன்பணம் கொடுக்கும் முன்பே ஓர் எச்சரிக்கை தரும். ஏற்கெனவே வீடு கட்டியவருக்கு, தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது, மின்மீட்டரை எங்கே வைப்பது, மழை பலமாகப் பிடித்தால் காரை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே யோசிக்க வைக்கும். தெருவுக்கு மழைநீர் வடிகால் வரும்போது, “தண்ணி இயல்பா போற பக்கம் இதுதாங்க” என்று பொறியாளரிடம் காட்ட உதவும்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு நாள் மார்ச் 22, உலக நீர் நாள். அந்தக் கூட்டத்துக்குப் பழைய வரைபடம், இன்றைய செயற்கைக்கோள் படம், ‘அ’ பதிவேட்டு விவரம் மூன்றையும் ஒரே தாளில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். “எங்க ஊர் ஏரியைக் காப்பாத்துங்க” என்று சொல்வதை விட, “இந்தப் புல எண்ணில் உள்ள வரத்துக்கால், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை தூர்ந்துபோயிருக்கு, தூர்வாரணும்” என்று சொன்னால் தீர்மானத்தில் எழுத முடியும். எழுதியதைப் பின்தொடர்ந்து கேட்கவும் முடியும்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது நாம் பெருமைப்பட்டோம். பட்டியலில் வராத ஏரிகளுக்கு அந்தந்த ஊர்க்காரர்கள்தான் காவல். அத்தனையையும் எந்த ஒரு துறையும் தனியாகத் தினமும் கண்காணிக்க முடியாது. ஒரு ஊருக்கு ஒரு ஆசிரியர், நாலு மாணவர்கள், ஒரு மடிக்கணினி இருந்தால் அந்த ஊர் ஏரியின் நூறு வருஷக் கதையை ஒரு பருவத்துக்குள் தொகுத்துவிடலாம்.

இந்த வார இறுதியில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் ஓர் ஏரியை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதன் பழைய வரைபடத்தைத் தேடுங்கள், நகராத எட்டு இடங்களைத் தொட்டுப் பொருத்துங்கள், பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள். முடிந்தால் அடுத்த நாள் காலையில் அதன் கரையில் ஒரு நடை நடந்து, மதகும் கலங்கலும் எந்த நிலையில் இருக்கு என்று படமெடுத்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதைச் செய்துவிட்டால் இன்னும் நல்லது.